36 மணி நேரத்தில் யாருக்கான தீர்வு?

சைபர் மோசடியில் இந்தியர்கள் 2024-இல் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. இழப்பு ஏற ஏற ஹேக்கத்தான்களும் பெருகுகின்றன. 2023-இல் ‘கவச்’, 2024-இல் ‘சைபர்கார்டு ஏஐ’, இவை போக ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். ஆறு பேர் கொண்ட குழு, 36 மணி நேரம், பிறகு மேடை, பரிசுக் காசோலை.

மாணவர்கள் கூடி யோசிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆய்வு மாணவன் என்ற முறையில் கல்லூரி அளவிலான இரண்டு போட்டிகளுக்கு மதிப்பீட்டாளராகப் போயிருக்கிறேன். அங்கே வந்த செயலிகளில் பெரும்பாலானவை மனதில் வைத்திருந்தது ஒரே ஆளைத்தான்: ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டப்படும், ஆங்கிலம் தெரிந்த, ஓய்வுபெற்ற அதிகாரி. அவருடைய இழப்பும் இழப்புதான். ஆனால் அவர் மட்டுமா இழக்கிறார்?

எங்கள் விடுதியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க.” போட்டான். மெஸ் கட்டணத்துக்கு வைத்திருந்த எட்டாயிரம் போய்விட்டது. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை என்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. உடனே 1930-ஐ அழைத்தால் பணம் கைமாறும் முன் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அவன் அழைக்கவில்லை. “அப்புறம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்வாங்கண்ணா” என்றான். காவல் நிலையம் என்றால் என்னவென்று அவனுடைய சேரிக்குத் தெரியும். இந்தத் தயக்கத்துக்கு எந்தக் குழுவும் செயலி எழுதவில்லை.

அழைத்தவனுக்கு அவன் பெயர், படிப்பு, கல்லூரி, அவன் பட்டியல் சாதி மாணவன் என்பது எல்லாமே தெரிந்திருந்தது. எப்படி? உதவித்தொகைப் பட்டியல்கள் கைபேசி எண்ணோடும் சாதியோடும் எக்செல் கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகின்றன. 2019-இன் தனிநபர் தரவு மசோதா சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாகப் பட்டியலிட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நடந்தது இது. சாதிச் சான்றிதழைக் கொடுத்தால்தான் உரிமை கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் நமக்கு அந்தச் சான்றிதழே தூண்டிலாகிறது.

இரண்டாவது போட்டியில் ஒரு குழு, மோசடிக்கு வாடகைக்கு விடப்படும் வங்கிக் கணக்குகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க ‘அபாய மதிப்பெண்’ ஒன்றை முன்வைத்தது. புதிய கணக்கு, குறைந்த இருப்பு, குறிப்பிட்ட பின்கோடு, திடீரென்று வரும் அரசுப் பணம். இவையெல்லாம் சேர்ந்தால் சிவப்புக் கொடி. நடுவராக இருந்த வங்கி அதிகாரி வியந்து பாராட்டினார். நான் கேட்டேன்: “இதே அடையாளங்கள் உதவித்தொகை வாங்கும் முதல் தலைமுறை மாணவியின் கணக்குக்கும் பொருந்துமே?” குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. குழு இரண்டாம் பரிசு வாங்கியது. அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. கேள்வித்தாளை எழுதியவர்கள் வேறு.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்ததும் இதைத்தான்: குற்றம் நடக்கும் முன்பே குற்றவாளியைப் பதிவேட்டில் ஏற்றியது. குறவர் உள்ளிட்ட சமூகங்கள் அதன் தழும்பை இன்னும் சுமக்கின்றன. இப்போது பதிவேட்டின் இடத்தில் அல்காரிதம் வருகிறது. கணக்கை வாடகைக்கு விட்டுச் சில ஆயிரங்களுக்காகக் கைதாகிறவர்கள் யார், ‘டேட்டா என்ட்ரி வேலை’ என்று ஏஜெண்டுகளை நம்பி மியான்மரின் மோசடி முகாம்களில் சிக்கி 2022-இல் தமிழ்நாட்டுக்கு மீட்டு வரப்பட்ட இளைஞர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பதையெல்லாம் எந்தப் போட்டி கேட்டிருக்கிறது?

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு ஒரு பெண்ணாவது வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. அதே துணிவோடு, பிரச்சினைகளை வரையறுக்கும் மேசையில் ஆதிதிராவிடர் விடுதி மாணவர்களையும் உட்கார வைக்கலாம். தமிழிலேயே விளக்கமளிக்க விடலாம்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகும் தோழர்கள் முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: உங்கள் கல்லூரியின் உதவித்தொகைப் பட்டியல் எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களில் கிடக்கிறது என்று தேடுங்கள். கிடைத்தால் முதல்வரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.