லெஃப்ட் கார்னருக்கு யார் விலை வைப்பது?

புரோ கபடி ஏலம் வரும்போதெல்லாம் கரியமாணிக்கத்தில் டீக்கடை பெஞ்சில் இருந்து வாட்ஸ்அப் குரூப் வரை ஒரே தீர்ப்புதான் ஓடும்: "இருக்கிறதுலயே பெரிய ரைடர் எவனோ அவனத் தூக்கு. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்." பந்தயத்தில் தோற்றால் திட்டுவதற்கும் அதே பெஞ்சுதான். இந்தத் தீர்ப்பு சோம்பேறித்தனமானது, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கெடுதலானது என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன். கேட்பாரில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உலகம் முழுக்க இருக்கிற பழைய சண்டைதான் இது. ஆள் எடுக்கும் நாளில் கையில் கிடைக்கிற பெரிய திறமைசாலியை எடுப்பதா, அணியில் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறதோ அதற்கான ஆளை எடுப்பதா? அமெரிக்காவில் இதற்காகவே தனி டிவி நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். திறமைக் கட்சிக்காரர்கள் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1984 என்பிஏ டிராஃப்ட். இரண்டாவது வாய்ப்பு போர்ட்லேண்ட் அணிக்கு. அவர்களிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், தேவைப்பட்டது உயரமான சென்டர். அதனால் சாம் போவியை எடுத்தார்கள். அடுத்து மூன்றாவதாக சிகாகோ எடுத்த பையன் பெயர் மைக்கேல் ஜோர்டான். 'பாத்தியா, தேவையப் பாத்தா இப்படித்தான் ஆவும்' என்று முடித்துவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்திலும் அவர்களுக்கு ஒரு சாட்சி உண்டு. 2005இல் கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே அதே இடத்துக்கு ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவது ஆளாக எடுத்தார்கள். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவர் பிறகு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார்.

இந்த இரண்டு கதைகளையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஜோர்டான் கதையை 40 வருஷமாகச் சொல்லக் காரணம் என்ன? அது அபூர்வம், அதனால்தான். பெரிய பெயரை வாங்கி மூழ்கிப்போன அணிகளின் கதையை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல நமக்கு அமெரிக்கா போக வேண்டாம். தமிழ் தலைவாஸ் போதும்.

2019 சீசனை நினைத்துப் பாருங்கள். ராகுல் சௌத்ரிக்கு 94 லட்சம். ஏற்கெனவே அஜய் தாக்கூர், கூடவே மஞ்சித் சில்லர். போஸ்டரைப் பார்த்தால் இந்திய அணியோ என்று தோன்றும். லீக் முடிந்தபோது 12 அணிகளில் 12ஆவது இடம். அப்புறம் 2022. பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள், அன்றைக்கு அதுதான் லீக்கின் உச்ச விலை. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் சீசனை விட்டே வெளியேறினார். பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்தோம். நடந்தது என்ன? புதுசாக வந்த நரேந்தர் ரைடில் 200 புள்ளிக்கு மேல் எடுத்தான். ரைட் கார்னரில் சாகர், லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா. அஷன் குமார் பாதியில் வந்து பயிற்சியாளர் பொறுப்பை எடுத்தார். முதல் தடவையாகத் தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது.

அடிபட்டதை வைத்து வாதம் பண்ணுவது நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பவன் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்கலாம். சரி, அடுத்த சீசனைப் பார்ப்போம். அதே பவனை 2.605 கோடி கொடுத்து தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. காயம் இல்லை, சீசன் முழுக்க ஆடினார், லீக்கின் முன்வரிசை ரைடர்களில் ஒருவராகத்தான் முடித்தார். டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. கடைசி இடம். ஒருத்தன் பாடிக்கொண்டே இருக்கிறான், பின்னால் வீடு எரிகிறது.

இதில் மர்மமெல்லாம் இல்லை, சாதாரணக் கணக்கு. ஒரு ஆட்டம் 40 நிமிஷம். ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 விநாடி. அப்படியென்றால் மொத்தம் 80 ரைடாவது வரும், ஒரு பக்கத்துக்கு 40. எவ்வளவு பெரிய ரைடராக இருந்தாலும் அந்த நாற்பதையும் அவனே பாட முடியாது. பாதி பாடினால் பெரிசு. எதிராளி பாடி வரும் நாற்பதுக்கும் கார்னர்காரன் நிற்க வேண்டும், அவன் வெளியேறாத வரைக்கும். கணுக்காலைப் பிடிக்கப் போகிறவன் அவன். அவன் அரை விநாடி முந்திப் பாய்ந்தால் போனஸோடு சேர்த்து ரெண்டு புள்ளி போகும். பிந்தினால் கவர்காரன் தனியாக மாட்டுவான். முக்கியமான ரைடர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவனை உள்ளே கொண்டுவருவதே பின்னால் நிற்கிறவன் போடும் பிடிதான். அப்புறம் எப்படி இவனுக்கு விலை இல்லாமல் போனது?

கேமராதான். ரைடு தனி ஆள் காட்சி. ஒருத்தன் ஏழு பேருக்கு நடுவில் போய்த் திரும்பி வருகிறான், ரீல்ஸுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. பிடி என்பது நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை, யார் செய்தது என்றே சட்டென்று தெரியாது. நாம் 'திறமை' என்று சொல்வது பெரும்பாலும் கண்ணில் பட்டதைத்தான். திறமையா தேவையா என்று சண்டை போடும் முன்பே திறமை என்ற சொல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

சந்தையே இதற்குச் சாட்சி. 2021 ஏலத்தில் பர்தீப் நர்வாலை உ.பி. யோத்தா 1.65 கோடிக்கு எடுத்தது. அவரை விட்டுக்கொடுத்த பாட்னா, ஈரானில் இருந்து முகமத்ரெசா ஷாட்லு என்ற லெஃப்ட் கார்னரை 31 லட்சத்துக்கு வாங்கியது. அந்த சீசன் பாட்னா பட்டியலில் முதலிடம், இறுதி ஆட்டம் வரை. ஷாட்லுதான் சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர். பிறகு சந்தை விழித்துக்கொண்டது. பத்தாவது சீசனில் புனே 2.35 கோடி கொடுத்தது, கோப்பை. பதினொன்றில் ஹரியாணா 2.07 கோடி, கோப்பை. அடுத்து குஜராத் 2.23 கோடி கொடுத்தது, கோப்பை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். புனேயில் அஸ்லாம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் பாடுவதற்கு ஏற்கெனவே இருந்தார்கள், அங்கே அந்த ஆள் பொருந்தினார். பெரிய விலை கொடுத்த கார்னர் மட்டும் ஏழு பேர் வேலையைச் செய்துவிட மாட்டார். என் கட்சி 'கார்னரை வாங்கு' என்பது இல்லை, பக்கத்தில் யார் நிற்கிறான் என்று பார்த்து வாங்கு என்பது.

நம்மாளு ஒருத்தரையும் சொல்லணும். தஞ்சாவூர்ப் பக்கம் தர்மராஜ் சேரலாதன், ரைட் கார்னர். 2016இல் பாட்னா கோப்பை வாங்கியபோது கேப்டன் அவர்தான், அப்போது வயசு 40ஐத் தாண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், பர்தீப்பின் டுப்கி தெரியும், சேரலாதனைத் தெரியாது.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏலத்தில் எந்த முதலாளி கோடியை விட்டால் எனக்கென்ன? ஏம்பலம், நெட்டப்பாக்கம், மடுகரை, எந்த ஊருக்குப் பொங்கல் பந்தயத்துக்குப் போனாலும் சின்னப் பசங்க செட்டில் ஆறு பேர் பாட நிற்கிறான். பிடிக்க வா என்றால் முகம் சுளிக்கிறான். குண்டாக இருக்கிறவனை, மெதுவாக ஓடுகிறவனை, புதுசாகச் சேர்ந்தவனை மூலையில் தள்ளுகிறார்கள். கார்னர் என்பது தண்டனை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கபடியால் இந்தப் பசங்களுக்குச் சோறு கிடைக்கிற வழி லீக் இல்லை, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ரயில்வே அறிவிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். சும்மா 'கபடி வீரர்' என்று மட்டும் போட்டு நிறுத்துவதில்லை. ரைடர், லெஃப்ட் கார்னர், கவர் என்று இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அங்கே ஓட்டைக்குத்தான் ஆள். கேட்பது கார்னர் என்றால் நீ எவ்வளவு அழகாகப் பாடினாலும் விண்ணப்பமே போட முடியாது. டிவி ஒரு பாடம் நடத்துகிறது, வயிறு வேறு பாடம் நடத்துகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பதினேழு வயசுப் பையன்.

ரயில்வேயாவது எழுதிப் போடுகிறது. உள்ளூர்த் தேர்வுகளில் அதுவும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருத்தன், நல்ல லெஃப்ட் கார்னர், ஒரு தேர்வுக்குக் காலையில் இரண்டு பஸ் மாறிப் போனான். நாள் முழுக்க வெயிலில் ஆட வைத்தார்கள். சாயங்காலம், "தம்பி, நல்லா ஆடுற. ஆனா லெஃப்ட் கார்னருக்கு ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்காங்க" என்றார்கள். ஏற்கெனவே இருக்காங்கன்னா அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம், முந்தின வாரமே நோட்டீசில் போட்டிருக்கலாம். தெரிந்திருந்தால் அவன் ரைட் சைடில் நின்று காட்டியிருப்பான், கவர் ஆடியிருப்பான். அடுத்த வருஷம் அதே ஆட்கள் இன்னொரு பையனிடம், "இடத்தப் பாக்கல, திறமையத்தான் பாத்தோம்" என்றார்கள். யாரை விட வேண்டுமோ அவனுக்கேற்ற கொள்கை!

ஒருவகையில் டிராஃப்ட் இதைவிட யோக்கியம். 2017 ஜூலையில் மும்பையில் ஐஎஸ்எல் கால்பந்து டிராஃப்ட் நடந்தது. ஆளுக்கு விலை முன்பே நிர்ணயம், எந்த கிளப் எத்தனையாவதாக எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதுசாக வந்த ஜாம்ஷெட்பூர் முதலில் எடுத்தது அனஸ் எடத்தொடிகா என்ற மலப்புறத்துக்காரரை, 1.10 கோடிக்கு. கோல் போடுகிறவர் இல்லை, நடுவில் நின்று தடுக்கிறவர். சரியோ தப்போ, அந்த முடிவு வெளிச்சத்தில் நடந்தது, நாம் உட்கார்ந்து விமர்சிக்கலாம்.

அதனால் தேர்வுக்குழு அண்ணன்களுக்கு நேராகவே சொல்கிறேன். 12 பேர் எடுக்கப் போகிறீர்களா? எந்த இடத்துக்கு எத்தனை பேர் என்று தேர்வுக்கு முன்னாடியே எழுதி ஒட்டுங்கள். ஒட்டின பிறகு எவனாவது அசாத்தியமாக ஆடிவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். மாற்றியதற்குக் காரணத்தை அந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதுங்கள். பையன்களிடமும் ஒன்று: வரும் பொங்கலுக்கு ஒரு ஆட்டமாவது மூலையில் நின்று பாருங்கடா.