இரண்டாவது கையெழுத்து

வலிப்புக்கு வால்ப்ரோயேட் எழுத பிரிட்டனில் ஒரு டாக்டர் போதாது என்று 2024இல் ஆனது. அந்த ஆண்டு ஜனவரி 31 முதல், 55 வயதுக்கு உட்பட்டவர் ஆணோ பெண்ணோ, புதிதாக அந்த மாத்திரையைத் தொடங்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியே யோசித்துச் சம்மதிக்க வேண்டும் என்று விதி வந்தது. நரம்பியல் மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். உடல் முழுக்க வரும் வலிப்புக்கு இதற்கு நிகர் இல்லையாம். உண்மைதான், 2021இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இதனிடம் தோற்றது. அதற்காக, இன்னொரு கையெழுத்து வாங்கக் கால் வலிக்கிறது என்பதெல்லாம் ஒரு வாதமா?

என் எரிச்சல் வேறு. இந்தக் கையெழுத்து ஐம்பது ஆண்டு தாமதம்.

கர்ப்பத்தின்போது வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் 100 குழந்தைகளில் சுமார் 11 பேர் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். 30 முதல் 40 பேருக்குப் பேச்சோ நடையோ படிப்போ பின்தங்குகிறது. இந்த எண்களை நான் சொல்லாத இடமில்லை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் கருவைப் பாதித்த இன்னொரு மருந்தான தாலிடோமைடு 1958இல் பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்து 1961 முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை! தாலிடோமைடு பிள்ளைகளின் குறை கையிலும் காலிலும் தெரிந்தது. வால்ப்ரோயேட் பிள்ளையின் குறையோ பல வீடுகளில் பள்ளிக்கூடத்தில்தான் தெரியவந்தது. அதற்குள் அடுத்த பிள்ளையும் பிறந்திருக்கும்.

தெரியாமல் நடந்ததா? வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கலாம் என்பதை டாக்டருக்குச் சொல்லலாம், நோயாளி கண்ணில் படும்படி பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1973இலேயே முடிவெடுத்த காகிதம், லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. பெண்கள் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்களாம். (திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது மெய். அதையும் அதே தாளில் அச்சிட்டிருக்கலாமே?) வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளிடம் மறைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு. அந்த முடிவுக்கு எந்த இரண்டாவது நிபுணரைக் கேட்டார்கள்?

வால்ப்ரோயேட்டால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதல் தவணையாக 1,00,000 பவுண்டு கொடுங்கள் என்று நோயாளர் பாதுகாப்பு ஆணையர் ஹென்றியேட்டா ஹியூஸ் 2024 பிப்ரவரி 7 அன்று அறிக்கை தந்தார். பரிசீலிப்பதாக அரசு சொன்னது. அந்தத் தாய்மார்களில் பலருக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கும் வயது.

கியூவின் ஒரு பெட்டிக்குள்ளேயே இவ்வளவு இருந்தால், மற்ற நாடுகளின் பெட்டிகளில் என்னென்ன கிடக்கும்? இதே மாத்திரை நம் ஊர் மருந்துக்கடையிலும் விற்கிறது. எந்த நாடானாலும் சரி, கர்ப்பிணி சாப்பிடக்கூடிய எல்லா மருந்துகளின் அனுமதிக் கோப்புகளையும் இன்றே திறந்து வைக்க வேண்டும், கூட்டக் குறிப்பு உட்பட. வணிக ரகசியம் என்று கம்பெனிகள் கூச்சல் போடும். போடட்டும்.