கப்பலைப் பாருங்கள், கழற்றாதீர்கள்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டக்களப்புக்கு வந்து இறங்குகிறார்கள். முன்பெல்லாம் பாசிக்குடாவில் குளித்து, கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்தால் போதும். இப்போது கடலுக்கடியில் கிடக்கும் கப்பலையும் பார்க்க வேண்டுமாம். நல்ல ஆசைதான், பார்க்கட்டும். அங்கிருந்து சாமான் எடுத்து வருவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

போன வருஷம் நானும் குடும்பத்தோடு வள்ளத்தில் போனேன். சுழியோடப் பழகிய பேரன் இறங்கினான். நாங்கள் மேலே இருந்தோம். கூட வந்த இன்னொரு குடும்பத்துப் பையன் உள்ளங்கையளவு பித்தளைத் துண்டு ஒன்றோடு ஏறி வந்தான். கூட்டிப் போனவர், "கொண்டு போங்க தம்பி, ஞாபகமா இருக்கும்" என்றார். தகப்பன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். "அது நம்மட சாமான் இல்லையே" என்று கேட்டேன். "கடலுக்க கிடந்து உக்கிப் போறதுதானே ஐயா" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைப் பலரும் சொல்கிறார்கள். அது பிழை. பல வருஷம் கடலில் ஊறிய உலோகத்துக்குள் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் இரும்பு பொருக்குப் பொருக்காக உதிரும், பித்தளை பச்சை பூத்து அரிக்கும். உப்பை இறக்க மாதக்கணக்காக நீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்ய வேண்டும். ரொறன்ரோ வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அதை யார் செய்வது?

காலித் துறைமுகத்தைப் பாருங்கள். 1659 ஜூலை 2ஆம் திகதி அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் நழுவி அங்கே உடைந்தது. நம்முடைய நாகபட்டினத்துக்குப் போகவேண்டிய பாக்கை ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் அது. கரைக்கு வெகு கிட்ட, ஆழம் குறைந்த இடத்தில் கிடந்தது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக் குறித்துத்தான் எடுத்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று அள்ளியிருந்தால் அந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்குமா?

அடுத்தது, நம் கடலில் கிடப்பவை எல்லாம் வெறும் இரும்பு அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்தின. 307 பேர் இறந்தார்கள். அது ஐம்பது மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த சுழியோடிகள்தான் போகலாம், குடும்பச் சுற்றுலாவுக்கான இடமல்ல. ஆனால் ஆழம் குறைந்த கப்பலில் பதினைந்து வயதில் கழற்றப் பழகியவன், முப்பது வயதில் ஹேர்மிஸுக்கு இறங்கும்போது கையைக் கட்டிக்கொண்டா இருப்பான்?

சவக்காலையில் கல்லறைச் சிலுவையை யாராவது கழற்றினால் ஊரே திரண்டு அடிக்கப் போகும். கடலுக்குள் என்றால் மட்டும் ஏன் "ஞாபகச் சின்னம்"? உடல் கிடைக்காத துக்கம் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனவர்களுக்காக இன்றும் நாவலடிக் கரையில் நின்று அழுகிறவர்கள் நம்மவர்கள்.

சட்டம் வரட்டும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீருக்கடி மரபுரிமை பற்றிய யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை நூறு வருஷம் நீரில் கிடந்தவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. 1942இல் தாழ்ந்த கப்பலுக்கு அந்த வயது 2042இல்தான் வரும். அதுவரை கழற்றினால் மிஞ்சுவது என்ன?

ஆகவே வள்ளம் விடும் தம்பிமாரே, இறங்குமுன் "ஒன்றையும் தொடக்கூடாது" என்று சொல்லுங்கள். கப்பல் இருந்தால்தான் அடுத்த வருஷமும் உங்களுக்கு உழைப்பு. தாய் தகப்பன்மாரே, பிள்ளை எதையாவது கொண்டு ஏறினால் படம் பிடிக்காதீர்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். என் வயதுக்காரர்களே, வள்ளத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். கிழவன் புறுபுறுக்கிறான் என்றால் என்றுவிட்டுப் போகட்டும்.