13 நிமிடப் பெருமிதம்

ஆண்டுதோறும் பிப்ரவரி 18 அன்று ஒரே செய்தி சமூக ஊடகங்களில் வலம்வருகிறது. உலகின் முதல் வான் அஞ்சல் இந்திய மண்ணிலிருந்துதான் பறந்தது என்றும், கும்பமேளாவுக்குத் திரண்ட மக்கள் அதைக் கண்டு வியந்தனர் என்றும் அது சொல்கிறது. பகிர்வோர் பெருமிதம் கொள்கின்றனர், மறுநாளே மறந்துவிடுகின்றனர். அந்தப் பெருமிதத்தோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்வோம். 1911இல் அலகாபாத்தில் ஐக்கிய மாகாணக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே பறக்கவிட்டுக் காட்டுவதற்காக, வால்டர் விண்டம் என்ற ஆங்கிலேயர் விமானங்களைக் கப்பலில் கொண்டுவந்தார். உள்ளூர் மாணவர் விடுதி ஒன்றின் நிதிக்காக, கடிதம் ஒன்றுக்கு 6 அணா சிறப்புக் கட்டணம் பெறப்பட்டது. 23 வயதான பிரெஞ்சு விமானி ஆன்ரி பெக்கே, ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தொலைவு சுமார் 6 மைல். நேரம் 13 நிமிடம். அதன்பின் கடிதங்கள் வழக்கமான அஞ்சல் வழியிலேயே சென்றன.

கும்பமேளாவா? அலகாபாத்தில் கும்பமேளா நடந்த ஆண்டுகள் 1906, 1918. 1911இல் நடந்தது ஆண்டுதோறும் கூடும் மாக மேளாவே. 'உலகின் முதல்' என்பதும் அப்படியே நிற்காது. 1870இல் பாரிஸ் முற்றுகைக்குள்ளானபோதே பலூன்கள் அஞ்சல் மூட்டைகளைச் சுமந்து பறந்தன. அஞ்சல் துறையின் ஒப்புதலோடு விமானத்தில் சென்ற முதல் அஞ்சல் என்பதே அலகாபாத்துக்கு உரிய பெருமை. அது சிறிய பெருமையன்று. மரச்சட்டமும் துணியுமான ஓர் ஊர்தியில் பேராற்றைக் கடந்த அந்த இளைஞரின் துணிவை எவரும் குறைத்துப் பேச முடியாது.

என் வாதம் வேறு. அஞ்சல் என்பது சாகசமன்று, வாக்குறுதி. இன்று வந்த கடிதம் அடுத்த வாரமும் வரும் என்ற நம்பிக்கையே அதன் உயிர். அந்த அளவுகோலில் 1911 ஒரு காட்சி மட்டுமே. 1920இல் பம்பாய்க்கும் கராச்சிக்கும் இடையே நடந்த சோதனைச் சேவை சில வாரங்களில் நின்றுபோனது. லண்டனிலிருந்து கராச்சிக்கு ஒழுங்கான வான் அஞ்சல் வந்துசேர 1929 ஆயிற்று. அங்கிருந்து தெற்கே அதைக் கொண்டுவர மேலும் மூன்றாண்டுகள் பிடித்தன.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, பஸ் மாத் விமானத்தில் அஞ்சலோடு கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு வந்திறங்கினார். நம் நினைவு அங்கேயே தரையிறங்கிவிடுகிறது. அஞ்சலோ தரையிறங்கவில்லை. அதைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தவர் நெவில் வின்சென்ட். இந்தச் சேவைத் திட்டத்தோடு டாட்டா நிறுவனத்தை முதலில் அணுகியவரும் அவரே. அரசு மானியம் தர மறுத்தது. வழிகாட்டும் வானொலிக் கருவிகள் இல்லை. மழைக்காலத்தில் ஜுஹு களம் நீரில் மூழ்கியதால், சேவையைப் புனேக்கு மாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே முதல் ஆண்டில் அவர்கள் பறந்த தொலைவு ஏறத்தாழ 1,60,000 மைல். சுமந்த அஞ்சல் பத்து டன்னுக்கும் மேல். வின்சென்ட் 1942இல் போர்க்கால வான்பயணம் ஒன்றில் உயிரிழந்தார். சென்னைக்கு முதல் வான் அஞ்சலைக் கொண்டுவந்தவரின் பெயரைச் சென்னையில் எத்தனை பேர் அறிவர்?

மக்களுக்கு அடையாளங்கள் வேண்டும், நுணுக்கங்கள் அல்ல என்பர் சிலர். அடையாளம் வேண்டாம் என நான் சொல்லவில்லை. 1961இல் பொன்விழாவுக்கும் 2011இல் நூற்றாண்டுக்கும் அஞ்சல்தலைகள் வெளியிட்டதில் தவறேதும் இல்லை. ஆனால் தொடக்கத்தை மட்டும் கொண்டாடும் சமூகம், தொடர்ச்சியை மதிக்கக் கற்பதில்லை. திறப்புவிழாக்களுக்குக் கல்வெட்டு வைக்கிறோம். திறந்ததை நாற்பது ஆண்டு நடத்தியவர்களுக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை. தந்தி, ரயில், மருத்துவமனை, பள்ளி என எந்தப் பொதுச்சேவையின் வரலாற்றையும் 'முதல்' என்ற ஒற்றைச் சொல்லால் எழுதினால், அதைத் தாங்கிப் பிடித்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பை நாளை ஆட்குறைப்பு என்ற பெயரில் வெட்டுவதும் எளிதாகிறது.

ஆகவே போட்டித் தேர்வுக்கு வினா எழுதுவோருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் பறந்தவர் யார் என்று தாராளமாகக் கேளுங்கள். அதன் கீழேயே, மறுவாரமும் பறந்தவர் யார் என்றும் கேளுங்கள். அஞ்சலின் வரலாறு இரண்டாம் வினாவில்தான் தொடங்குகிறது.