அட்டை கேட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேச்சு தெளியாத பிள்ளைக்குப் பயிற்சி கேட்டு அரசு மையத்துக்குப் போனால், முதல் கேள்வியே "மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் "வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு அட்டை கிடைக்க வழியே இல்லை. இப்படி அலைக்கழிக்கப்பட்ட ஒரு தாயோடு கூடவே போய் வந்தவள் நான். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

அவருடைய பையன் என் மாணவன். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. 'க' வரவேண்டிய இடத்திலெல்லாம் அவனுக்குத் 'த' வரும். "டீச்சர், தாத்தா தத்துது" என்று ஜன்னலைக் காட்டுவான். வெளியே முருங்கை மரத்தில் காக்கா கத்திக்கொண்டிருக்கும். வகுப்பே சிரிக்கும். சொல்வதெழுதுதலில் நான் 'கண்ணாடி' என்றால் அவன் நோட்டில் 'தண்ணாடி' என்று இருக்கும். மனக்கணக்கில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் தமிழ் வாசிக்க எழுப்பினால் இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை, வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பதிவில் அவன் இன்னும் முதல் நிலையான 'அரும்பு' நிலையில்தான் இருக்கிறான்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார் ஒருவர். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். 'க' என்ற ஒலி நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தின் பின்புறத்தைத் தொடும்போது பிறப்பது. நுனிநாக்குக்கு அடியில் எதை வெட்டினாலும் இதற்கு உதவாது. "அவங்க மாமாவும் இப்படித்தான், தானா சரியாகிடுச்சு" என்றவர்களும் உண்டு. தானாகச் சரியாகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மூன்று வயதில் காக்காவைத் தாத்தா என்றால் அது மழலை. 'ழ', 'ற' எல்லாம் இன்னும் தாமதமாகத்தான் வரும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்பது பல ஊர்களில் பெரியவர்களுக்கே வழக்கு, அதில் குறை எதுவும் இல்லை. எது மழலை, எது ஊர் வழக்கு, எது சிகிச்சை தேவைப்படும் கோளாறு என்று பிரித்துச் சொல்ல பேச்சு சிகிச்சை படித்தவர் வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை பேசினால் வெளியாளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். ஏழு வயதில் 'க' வரவில்லை என்றால் இனியும் காத்திருக்கச் சொல்வது அக்கறையின்மை.

நகரத்தில் ஒரு தனியார் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அவனை அழைத்துப் போனோம். முதலில் காது பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டார். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தாலே ஒலிகள் குழம்புமாம். காது சரியாக இருந்தது. அண்ணத்தில் மேலோட்டமாகத் தெரியாத பிளவு ஏதும் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு ஒலியும் சொல்லின் முதலில் எப்படி வருகிறது, நடுவில் எப்படி வருகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி அவனைப் பேசவிட்டுப் பதிவு செய்தார். ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரத்துண்டால் நுனிநாக்கை மெல்ல அழுத்தி, சொல்லிப் பார் என்றார். இருமலைப் போல ஒன்று வந்தது. அதுதான் அவனுடைய முதல் 'க'! அடுத்து, கீரைக் கட்டுப் படமும் சாப்பாட்டுத் தட்டுப் படமும். கட்டு வேண்டும் என்று நினைத்து அவன் "தட்டு" என்றான். அவர் தட்டையே எடுத்துக் கொடுத்தார். பையன் திகைத்தான். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி முயன்றான். சிரிக்காமல், திட்டாமல் அவன் தவறை அவனுக்கே காட்டியதை அன்றுதான் பார்த்தேன். வாரம் இரண்டு முறை அழைத்து வந்து, வீட்டிலும் பயிற்சி கொடுத்தால் தேறிவிடுவான் என்றார். அங்கே ஒரு அமர்வுக்கான கட்டணம், பூக்கட்டிப் பிழைக்கும் அவன் அம்மாவின் ஒரு நாள் வருமானத்தைவிட அதிகம்.

எனவேதான் அரசு மையத்துக்குப் போனோம், அட்டை கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் அதன் விளக்கம், குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு போன்ற உடல் அல்லது நரம்புக் காரணங்களால் வரும் நிரந்தரக் குறைபாடு என்கிறது. அட்டைக்கு அந்த வரையறை சரிதான், அதை மாற்றச் சொல்லவில்லை. குணமாகக்கூடிய பிள்ளையிடம், நிரந்தரமாகக் குணமாகாது என்பதற்குச் சான்று கொண்டுவந்தால்தான் குணப்படுத்துவோம் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

குறைகளை முன்கூட்டியே கண்டறிய ஓர் ஏற்பாடும் இருக்கத்தான் செய்கிறது. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் மருத்துவப் பரிசோதனைத் திட்டம் பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் மொழி வளர்ச்சித் தாமதமும் இருக்கிறது. ஆனால் பல், கண், ரத்தசோகை பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளையை 'கூச்ச சுபாவம்' என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்து அனுப்பினாலும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வகுத்திருப்பது காது பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு பணியிடம். ஒரு மாவட்டத்துக்கே ஒருவர்! அவர் மாதம் ஒரு நாள் தேதி கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரம் இரண்டு முறை நடக்க வேண்டிய பயிற்சி மாதம் ஒரு முறை நடந்தால், வந்த 'க' அடுத்த தேதிக்குள் மறந்துபோகும்.

காது கேளாத பிள்ளைகளுக்கான, லட்சக்கணக்கில் செலவாகும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்துகொடுக்கும் மாநிலம் இது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு கட்டுப் படங்களும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் போதும் என்கிற சிகிச்சைக்கு அதே மாநிலம் ஏன் கையை விரிக்கிறது?

ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் வாரம் முழுக்க ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவதற்கான பட்டப்படிப்பின் நான்கு ஆண்டுகளில் கடைசி ஓராண்டு பணிப்பயிற்சி. அதில் சில மாதங்களை, உரிய மேற்பார்வையோடு, வட்டார மையங்களுக்கு ஒதுக்கலாம். நான்கு வயதிலேயே சந்தேகம் எழுப்ப அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் நிதியும் நாளும் ஆகும் என்பது தெரியும். ஆனால் வகுப்பாசிரியரின் கடிதம் போதும், அடையாள அட்டை கேட்கக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்ப நிதி எதுவும் வேண்டியதில்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் அதை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)