கப்பலில் அந்த அரைமணி நேரம்



நம்மில் ஒருவன் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போய்வந்து படங்கள் போட்டிருந்தான். பார்க்கச் சந்தோஷம். ஆனால் ஒரு வரி உறுத்தியது. "ஏறினதும் பாதுகாப்புப் பயிற்சின்னு கூப்பிட்டாங்க, டிமிக்கி குடுத்துட்டு நேரா சாப்பிடப் போயிட்டோம்." கீழே ஒரே சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

தம்பி, 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் ஜிக்லியோ தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது. கப்பலில் 4,200 பேருக்கு மேல். அன்று மாலைதான் ஏறியவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. மின்சாரக் கோளாறு என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்து, சில படகுகளை இறக்க முடியாமல் போனது. 32 உயிர்கள் போயின. கேப்டனுக்கு 16 ஆண்டு சிறை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று உலக விதியையே மாற்றினார்கள். நீ டிமிக்கி கொடுத்தது அந்த விதிக்கு.

"பெரிய கப்பல் சார், ஒண்ணும் ஆகாது" என்பீர்கள். அதுவும் பெரிய கப்பல்தான். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த நம் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒகேனக்கல் பரிசலில் லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னால் முனகிக்கொண்டாவது மாட்டுகிறோம். நாகமரைத் துறையில் காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடலில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்?

அறிவிப்பு இங்கிலீஷில் வந்ததால் அம்மாவுக்குப் புரியவில்லை என்றாள் ஒரு மாணவி. நியாயம்தான். அப்படியானால் நீதான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லியிருக்க வேண்டும். ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். அதுதான் ஆபத்துக் குறி. கூடும் இடம் எது என்று அறைக் கதவின் பின்னால் எழுதியிருக்கும். படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பார்த்துவிடு, ஆபத்தில் லிஃப்ட் கூடாது. குழந்தை அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று அன்றைக்கே கேள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். நடுக்கப்பலில் கீழ்த்தள அறை என்றால் ஆட்டம் குறைவு. போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் பில் பார்த்துத் தலை சுற்றும்.

அடுத்த மாதம் கிளம்பும் சேலத்துத் தங்கச்சிக்கு: மச்சானின் சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வை. பெட்டி அறைக்கு வந்துசேர ராத்திரி ஆகிவிடும். பயிற்சிக்குப் போனதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.