வாயைப் பார்ப்பதற்கும் ஒரு கட்டணம்

எமது ஊர்களில் ஒரு பல் வைத்தியரின் பெயர் நிலைப்பது, பல் பிடுங்கும் இலாவகத்தைக் கொண்டுதான். 'நோகாமல் கழட்டினார்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால் கைராசிக்காரர் என்ற பட்டம் கிடைத்துவிடும். பிடுங்காமல் காப்பாற்றப்பட்ட பல்லைப் பற்றி எந்தக் கலியாண வீட்டிலும் எவரும் பேசிக் கேட்டதில்லை.

நண்பர் ஒருவரின் மகள் கடந்த ஆண்டு வடமராட்சியில், ஒரு சந்தியை அண்டி, சொந்தமாகப் பற்சிகிச்சை நிலையம் ஒன்றை ஆரம்பித்திருக்கிறார். பேராதனையில் படித்தவர். 2022 நெருக்கடியின் பின்னர் கூடப் படித்தவர்களில் பலர் விமானம் ஏறிவிட, இவர் ஊருக்குத் திரும்பினார். (பெயர்ப்பலகை எழுதியவர் 'பல்ச்சிகிச்சை' என எழுதியிருந்தார். ஒப்புநோக்காளர் புத்தி விடாது, திருத்துவித்தேன்.) நோயாளியின் கதிரை, கதிர்ப்படக் கருவி, கருவிகளை அவிக்கும் இயந்திரம், பல் அடைக்கும் பசை வரை யாவும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. அப்போது ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆகவே வங்கிக் கடனுடன்தான் அவருடைய தொழில் ஆரம்பமாகியிருக்கிறது.

அந்தக் கடனின் தவணையைக் கட்ட உதவுபவர்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்தில் வரும் புலம்பெயர்ந்த உறவுகள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோடு வேர்ச் சிகிச்சை செய்வித்து, பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதில் குறைகாண எதுவுமில்லை. எனினும் ஆண்டில் இரண்டு மாதச் சனத்தை நம்பி நடத்துவது பருவகால வியாபாரமே தவிர வைத்தியமாகாது. ஏனைய பத்து மாதமும் வரப்போகிறவர்கள் அயலவர்கள்.

அயலவர்கள் எப்படி வருகிறார்கள்? மூன்று இரவு நித்திரையின்றிக் கிடந்து, கராம்பு வைத்துப் பார்த்து, முகம் வீங்கிய பிறகு வருகிறார்கள். வெற்றிலைக் காவி படிந்த வாயோடு வந்த ஓர் ஆச்சி சொன்னாராம்: "பிள்ளை, நோகிற பல்லைக் கழட்டிவிட்டால் காணும். மற்றதுகளைப் பாக்க வேண்டாம்." இவர் விடவில்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி, ஓரங்கள் எல்லாம் பார்த்திருக்கிறார். சில நிமிட வேலை. ஒரு சிறு கண்ணாடியும் வெளிச்சமும் போதும்.

அந்தச் சில நிமிடங்களின் பெறுமதியை நாம் அறிந்ததாகத் தெரியவில்லை. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985 இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை சேராவிட்டாலும், வெறும் பாக்கே கூட அத்தகையதுதான் என்பதை 2004 இல் வெளியான அதன் தொகுதி கூறியது. 'நான் புகையிலை போடுறேல்லை' என்ற ஆறுதலுக்கு இடமில்லை. கன்னத்தில் ஒரு வெண்படலம், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாய் வரவர இறுகித் திறக்க முடியாமற்போவது ஆகியவை முன்னறிவித்தல்கள். இவை பெரும்பாலும் நோவதில்லை. நோகாதபடியால் எவரும் வைத்தியரிடம் போவதுமில்லை.

பார்வைக் கட்டணம் என்று இவர் ஒரு சிறு தொகையைச் சுவரில் எழுதி ஒட்டியதும் ஊரில் கதை பரவியது: "ஒண்டும் செய்யாமல் காசு கேக்கிறா." தகப்பன், அதாவது என் நண்பர், முதல் இரண்டு வருடத்துக்கு அதை எடுத்துவிடச் சொன்னார். சனம் பழகட்டும் என்பது அவர் நியாயம். எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பது இலவசம் என்றால் வருமானம் முழுவதும் செய்வதிலிருந்தே வரவேண்டும். துளைத்தால்தான், பிடுங்கினால்தான் காசு என்ற நிலையில் ஒரு வைத்தியரை இருத்திவிட்டு, அவர் தேவையில்லாமல் துளைக்கிறார் என்று பின்னர் நாமே முறைப்பாடு சொல்வதில் என்ன அர்த்தம்? சட்டத்தரணியிடம் யோசனை கேட்கவும் சாத்திரியாரிடம் குறிப்புக் காட்டவும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோமே!

கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இதே பரிசோதனை இலவசம். காலையில் வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவே. நோகும் பல்லை மட்டும் காட்டிவிட்டு எழும்பாமல், வாய் முழுவதையும் பார்க்கும்படி அங்கும் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இதனை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பல்லுக் கட்டவென்று பணம் அனுப்பும்போது, வாய்ப் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்புங்கள். டொக்டர் என்ன கண்டார் என்பதைத் தொலைபேசியில் அவரிடமே கேளுங்கள். அம்மாவிடம் கேட்டால் 'ஒண்டுமில்லையாம்' என்றுதான் பதில் வரும்.